மாலர் வச்ச வரிசையை நாங்கள் மாத்தலாமோ?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

போன கிழமை உங்கட ஞாயிறு பக்கத்தில சிம்பொனி, அதாவது பெரிய வாத்தியக் குழு வாசிக்கிற பல பகுதி உள்ள நீண்ட இசைப் படைப்பு, அதைப் பற்றி வந்த கட்டுரையைப் படிச்சன், நல்லாத்தான் இருந்தது, ஆனா சிம்பொனியின்ட பகுதிகளை எந்த வரிசையில கேட்டாலும் பரவாயில்லை, காதுக்குப் பிடிச்சாச் சரி எண்டு முடிச்சிருந்ததை என்னால ஒத்துக்கொள்ளவே ஏலாது.

இசையமைப்பாளர் குஸ்தாவ் மாலரின்ட ஆறாவது சிம்பொனியைப் பாருங்கோ. எழுதேக்க ஸ்கெர்ட்சோ எண்ட துடிப்பான பகுதி ரெண்டாவது, அந்தாந்தே எண்ட மெதுவான பகுதி மூண்டாவது, முதல் அச்சில வந்த ஸ்கோரும் (இசை எழுதின புத்தகமும்) அப்பிடித்தான். 1906 மே மாதம் ஜெர்மனியில எஸ்ஸன் நகரத்தில முதன்முதல் வாசிக்க ஒத்திகை நடக்கேக்க அவரே ரெண்டையும் இடம் மாத்திப்போட்டார், பிறகு அவரே நடத்தின கச்சேரி எல்லாத்திலயும் அந்தாந்தேயைத்தான் முன்னுக்கு வச்சவர். அவர் 1911ல செத்தாப்பிறகு, 1919ல மனிசி அல்மா, வாத்தியக் குழு நடத்துற மெங்கெல்பெர்க்குக்கு முதல்ல ஸ்கெர்ட்சோ எண்டு தந்தி அடிச்சா, 1963ல எர்வின் ராட்ஸ் பதிப்பிச்ச ஸ்கோரிலயும் பழைய வரிசை திரும்பி வந்திட்டுது, அதுக்குப் பிறகு கனகாலம் வந்த ரெக்கோட்டுகள் அநேகமா அதே மாதிரித்தான், அதைக் கேட்டு வளந்த ஆக்களுக்கு இப்ப மாலர் தானே வாசிச்ச வரிசை பிழையாக் கேக்குதாம்!

ஸ்கெர்ட்சோ முதல்ல வாறதிலயும் ஞாயம் இருக்கு. முதல் பகுதி ஏ மேஜர் எண்ட வெளிச்சமான சுருதியில கொண்டாட்டமா முடிய, உடன டிம்பனி முரசும் பேஸ் வயலினுகளும் ஏ மைனர் எண்ட இருண்ட சுருதியில திரும்பத் தட்டத் தொடங்கினா அந்தச் சந்தோசம் நிண்ட இடத்திலயே நொருங்கிப்போகும், கேக்கவே நெஞ்சு பதறும். அந்தாந்தே வந்தாலோ, ஈ பிளாட் மேஜரில, தூரத்தில மாட்டுமணிச் சத்தத்தோட, கொஞ்சம் மூச்சு விடலாம், பிறகு ஸ்கெர்ட்சோவும் அந்த அரை மணித்தியாலக் கடைசிப் பகுதியும் ஒண்டு பின்னால ஒண்டா வந்து விழும். ரெண்டையும் கேட்டுப் பாத்துத்தான் மனுசன் ஒண்டைத் தெரிஞ்சவர். எங்களுக்குப் பழகின காது அதுக்கு மேலயோ?

கோணேசர் கோயில் திருவிழாவில சுவாமி வெளிக்கிடேக்க நாதஸ்வரத்தில மல்லாரி எண்ட புறப்பாட்டு இசைதான், எனக்குப் பிடிச்ச கீர்த்தனையை இப்ப வாசியுங்கோ எண்டு ஆரும் போய்க் கேக்கிறேல்லையே.

இங்க பொடியள் போனில வரிசையைக் கலக்கிற ஷஃபிள் போட்டுத்தான் கேக்கினம். ரஷ்ய இசையமைப்பாளர் சாய்கோவ்ஸ்கியின்ட ஆறாவது சிம்பொனியில மூண்டாவது பகுதி ஆரவாரமா முடியுது எண்டு அதைக் கடைசிக்குத் தள்ளிப் பிளேலிஸ்ட் செய்து வச்சிருக்கிற ஆக்களையும் கண்டிருக்கிறன். 1893ல அவர் அப்பிடி ஆரவாரத்துக்குப் பிறகு ஒரு அழுகை அடாஜியோவை (மெதுவான பகுதியை) வச்சு, சத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு இல்லாமப் போக விட்டதுதான் அந்தப் படைப்பின்ட உயிரே, அதைப் புடுங்கிப்போட்டு மிச்சத்தை ரசிக்கிறது எப்பிடி?

அதால உங்கட பக்கத்தில இனி ஒரு சிம்பொனியைப் பற்றி எழுதினா, பகுதிகளின்ட பேரை வரிசையாப் போடுங்கோ, மாலரின்ட ஆறாவது மாதிரிச் சண்டை உள்ளதெண்டா எந்த ரெக்கோட்டில எது முதல்ல வருது எண்டும் ஒரு வரி சேருங்கோ.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
உவர்மலை, திருகோணமலை.