சட்டசபையில் பேசப் போகும் மகளுக்கு

அன்புள்ள கண்ணுவுக்கு,

அடுத்த மாதம் உன் மாநிலச் சட்டசபைக் குழு முன்னால் பேசப் போவதாகச் சொன்னாய். ஏழைக் குடும்பங்கள் சாப்பாடு வாங்க அரசாங்கம் பணம் போட்டுத் தரும் ஸ்நாப் கார்டில் சோடாவும் மிட்டாயும் வாங்கக் கூடாது என்று தடை போட வாஷிங்டனில் இருக்கும் மத்திய அரசிடம் அனுமதி கேட்கும் மசோதா. குழந்தைகள் டாக்டர் என்ற முறையில் அதை ஆதரித்துப் பேச உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். எனக்குப் பெருமைதான். ஆனால் இதைப் பற்றிப் போனில் பேச ஆரம்பித்தால் நடுவில் உனக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்துவிடும், நான் சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் எழுதுகிறேன்.

சோடாவுக்காக நான் வாதாட வரவில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குக் கல்லீரலில் கொழுப்பு, பதினான்கு வயதில் பெரியவர்களுக்கு வரும் சர்க்கரை வியாதி என்று நீ சொல்லும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. சர்க்கரை உன் அப்பாவை என்ன செய்தது என்று நாம் இருவரும் பார்த்தவர்கள். அதனால் உன் கோபம் எனக்குப் புரிகிறது. அந்தக் கோபத்தை வைத்து அவர்கள் என்ன சட்டம் போடப் போகிறார்கள் என்பதுதான் என் கவலை.

இங்கே அயோவாவில் 2026 ஜனவரி 1-ஆம் தேதியிலிருந்து தடை நடைமுறைக்கு வந்துவிட்டது. எதைத் தடுப்பது என்று டாக்டர்களோ ஊட்டச்சத்து தெரிந்தவர்களோ உட்கார்ந்து பட்டியல் போடவில்லை. மாநில விற்பனை வரிச் சட்டத்தை எடுத்தார்கள். எந்த உணவுக்கு வரி உண்டோ, அது கார்டில் வராது. வரிச் சட்டத்தில் மாவு கலந்திருந்தால் அது மிட்டாய் இல்லை. அதனால் சாக்லேட்டுக்குள் பிஸ்கட் வைத்த ட்விக்ஸ் வாங்கலாம். நிலக்கடலையும் வெல்லமும் மட்டும் சேர்ந்த நம் கடலை மிட்டாயில் மாவு இல்லை, ஆகவே அது மிட்டாய், வாங்க முடியாது. பால் கலந்தால் அது குளிர்பானம் இல்லை என்பதால் சர்க்கரை கொட்டிய பாட்டில் காபி வாங்கலாம். சர்க்கரையே இல்லாத டயட் சோடா கூடாது. இதில் எந்த வாக்கியம் உன் நோயாளிக் குழந்தையின் கல்லீரலைப் பார்த்து எழுதப்பட்டது, சொல்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பில் போடும் இடத்தில் நிற்பவள் நான். மெஷின் ஒரு பொருளைத் தள்ளிவிட்டால், 'இது கார்டில் வராது' என்று அந்த அம்மாவிடம் சொல்ல வேண்டியவளும் நான்தான். பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். வண்டியில் உட்கார்ந்த குழந்தை பார்த்துக்கொண்டிருக்கிறது. சட்டம் எழுதியவர் யாரும் அங்கே இல்லை. ஏன் இது கூடாது, அது மட்டும் ஏன் வாங்கலாம் என்று கேட்பார்கள். என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் சட்டத்திலேயே பதில் இல்லை. சிலர் ஒன்றும் பேசாமல் எடுத்து ஓரமாக வைத்துவிடுவார்கள். சிலர் பையிலிருந்து காசை எடுத்துத் தனியாகப் பில் போடச் சொல்வார்கள். அப்படிப் போட்டவர்கள் பல நேரம் திருப்பி வைப்பது சோப்புத்தூளையோ டயப்பரையோதான், ஏனென்றால் அவை எப்போதுமே கார்டில் வராதவை. கையில் இருந்த காசு சோடாவுக்குப் போய்விட்டது. சோடா நின்றபாடில்லை.

மாநில எல்லையில் டேவன்போர்ட் பக்கம் இருப்பவர்களுக்கு அந்தக் கஷ்டமும் இல்லை. மிசிசிப்பிப் பாலம் தாண்டினால் இல்லினாய், அங்கே தடை கிடையாது, அதே கார்டு அங்கேயும் செல்லும்.

நீ அனுப்பிய கட்டுரைகளில் இருந்த 2016 அறிக்கையை நானும் பார்த்தேன், ஸ்நாப்பை நடத்தும் மத்திய விவசாயத் துறை வெளியிட்டது. ஒரு பெரிய கடைத் தொடரின் 2011-ஆம் வருஷத்துப் பில்களை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறார்கள். கார்டு உள்ள குடும்பங்கள் ஒவ்வொரு டாலரிலும் 9 சென்ட்டுக்குச் சற்று மேல் இனிப்புப் பானங்களுக்குச் செலவழிக்கின்றன. நீ அடிக்கோடிட்டது அந்த எண்ணை. அதற்குப் பக்கத்திலேயே கார்டு இல்லாத குடும்பங்களின் கணக்கும் இருக்கிறது, அது 7 சென்ட். இந்த நாட்டில் எல்லோரும் குடிப்பதைத்தான் ஏழைகளும் குடிக்கிறார்கள், கொஞ்சம் அதிகமாக. அந்தக் கொஞ்சத்துக்கும் காரணம் உண்டு. காய்கறி அழுகும், சோடா அழுகாது. பஸ் ஏறி மாதம் ஒருமுறை பெரிய கடைக்கு வருகிறவர்கள் கெடாததைத்தான் வாங்குவார்கள். மோட்டல் அறையில் அடுப்பில்லாமல் இருக்கிறவர்கள் பச்சைக் கோழியைக் கார்டில் வாங்கி என்ன செய்வார்கள்? அடுப்பிலிருந்து எடுத்த சூடான கோழிக்கு நாடு முழுக்கவே பொதுவாக அனுமதி இல்லை.

நீ இங்கே பிறந்து குடியுரிமை பெற்றவள் என்பதால், உன் அப்பா போன பிறகு கொஞ்ச காலம் நம் வீட்டிலும் அந்தக் கார்டு இருந்தது. உனக்கு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறேன். அதில்தான் அரிசி, பருப்பு, முட்டை, பால், கீரை வாங்கினேன். உன் பிறந்தநாளுக்குத் தோழிகள் வந்தபோது கேக்கும் ஒரு பெரிய ஆரஞ்சு சோடாவும் அதில்தான் வாங்கினேன். வரிசையில் பின்னால் நின்றவர் எனக்குக் கேட்கும்படியே ஒன்று சொன்னார். அதற்காக நான் அந்த பாட்டிலைத் திருப்பி வைக்கவில்லை, இன்றும் அதில் எனக்கு வருத்தமில்லை. அன்று அப்படிச் சொல்ல யாரோ ஒருவர்தான் இருந்தார். இப்போது அதையே சட்டம் சொல்கிறது, என் வாயால் சொல்ல வைக்கிறது.

இது புதிய யோசனையும் இல்லை. ஸ்நாப்புக்கு முன்பு ஃபுட் ஸ்டாம்ப் என்று பெயர். 1964-இல் அந்த ஃபுட் ஸ்டாம்ப் சட்டம் வந்தபோதே குளிர்பானத்தைத் தடுக்க வேண்டும் என்று பிரதிநிதிகள் சபையின் வரைவில் இருந்தது, செனட் அதை ஏற்கவில்லை. 2010-இல் நியூயார்க் மேயர் ப்ளூம்பெர்க் இனிப்புப் பானங்களை மட்டும் சோதனையாகத் தடுக்க அனுமதி கேட்டார். நடைமுறைச் சிக்கல் அதிகம், பலனை அளப்பதும் கடினம் என்று அடுத்த வருஷம் விவசாயத் துறை மறுத்துவிட்டது. 2025 மே மாதம் நெப்ராஸ்காவுக்கு முதல் அனுமதி கொடுத்தார்கள். வருஷம் முடிவதற்குள் 18 மாநிலங்கள் ஆகிவிட்டன.

அதே 2025-இல் ஜூலை 4-ஆம் தேதி கையெழுத்தான சட்டம் என்ன செய்தது என்று பார். பத்து வருஷத்தில் ஸ்நாப்பிலிருந்து 18,000 கோடி டாலருக்கு மேல் வெட்டுகிறது. வேலை பார்த்தால்தான் கார்டு என்ற விதியை 64 வயது வரை நீட்டியது. அடைக்கலம் தேடி வந்த அகதிகளை வெளியே தள்ளியது. நாடு முழுக்க இந்தக் கார்டை நம்பி இருப்பது சுமார் 4 கோடிப் பேர், கிடைப்பது ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 6 டாலர். அந்த 6 டாலரில் சோடா வாங்குகிறார்களா என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கண்ணு, நான் சொல்ல வந்தது இதுதான். தடை போட அரசாங்கத்துக்குப் பெரிதாகக் காசு செலவில்லை. பெரும்பாலான செலவு கடைக்காரருக்கும் வரிசையில் நிற்பவளுக்கும்தான். அதனால்தான் இத்தனை மாநிலங்களுக்கு அது இவ்வளவு பிடிக்கிறது. நல்ல சாப்பாடு கிடைக்கச் செய்யக் காசு வேண்டும். குழந்தைகள் டாக்டர் ஒருவர் வந்து தடை நல்லது என்று சொல்லிவிட்டால் அதோடு கதை முடிந்தது என்று எழுந்து போய்விடுவார்கள். உன் படிப்பும் உன் நோயாளிகளும் அதற்குப் பயன்படுவதை நான் விரும்பவில்லை.

'விக் திட்டத்தில் எதை வாங்கலாம் என்று பட்டியல் இருக்கிறதே, அது நன்றாகத்தானே நடக்கிறது' என்று நீ கேட்பாய். அது கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் தாய்மாருக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் கூடுதலாகக் கொடுக்கும் சின்னப் பொட்டலம். கூடவே உட்கார்ந்து சொல்லித் தரவும் ஆள் இருக்கிறார்கள். வீட்டில் எல்லோருடைய மாதச் சாப்பாடும் அதை நம்பி இல்லை. அதிலேயே பட்டியலில் உள்ள எடைக்கு மாறான ரொட்டியை எடுத்துவிட்டு எத்தனை பேர் கவுண்ட்டரில் தவிக்கிறார்கள் என்று என்னைக் கேள்.

பலன் கொடுத்தது எது என்று சொல்ல உனக்குக் கையில் சான்று இருக்கிறது. மாசசூசெட்ஸில் ஹாம்ப்டன் கவுண்டியில் 2011-12-இல் செய்து பார்த்தார்கள். கார்டில் ஒரு டாலருக்குப் பழமோ காய்கறியோ வாங்கினால் 30 சென்ட் கார்டுக்கே திரும்பி வரும். எதையும் தடுக்கவில்லை. அந்தச் சலுகை கிடைத்தவர்கள் மற்றவர்களைவிட 26 சதவீதம் அதிகமாகப் பழமும் காயும் சாப்பிட்டார்கள், நாளைக்குக் கால் கப் அளவு. டெட்ராய்டில் 2009-இல் ஆரம்பித்த டபுள் அப் திட்டம் இங்கே டெமாய்னுக்கும் வந்திருக்கிறது, காய்கறிக்குச் செலவழிக்கும் டாலருக்கு இன்னொரு டாலர் தருகிறார்கள். அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் தக்காளியும் வெண்டைக்காயும் அள்ளிப் போகிறார்கள். பணம் போதாமல் எல்லாக் கடைகளிலும் இல்லை.

தடையே கூடாது என்று பேசச் சொல்லவில்லை. நீ நேரில் பார்க்கும் நோயை நான் மறுக்க முடியாது. தடை வைத்தே தீருவோம் என்றால், மிட்டாய், மாவு, வரி என்று போகாமல், சர்க்கரை சேர்த்த பானம் மட்டும், இத்தனை கிராம் சர்க்கரை என்று அளவு வைத்து எழுதச் சொல். அதே மசோதாவில் பழம், காய்கறிக்கு ஹாம்ப்டன் மாதிரி பணம் ஒதுக்கச் சொல். பணம் ஒதுக்காவிட்டால் உன் ஆதரவு இல்லை என்று குழுவின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு. அதைச் சொல்ல உன்னால் முடியும்.

பேசப் போவதை எழுதி முடித்ததும் எனக்கு அனுப்பு. கவுண்ட்டரில் நடப்பது பற்றி ஏதாவது சேர்க்க வேண்டுமென்றால், கூட வேலை செய்கிறவர்களிடமும் கேட்டுச் சொல்கிறேன். அப்புறம், நைட் டியூட்டி முடிந்த கையோடு காரை ஓட்டிக்கொண்டு சட்டசபைக்குப் போகாதே. முந்தின நாள் லீவு போட்டுத் தூங்கு.

அன்புடன்,
அம்மா