செயலாளர் ஐயாவுக்கு ஒரு கடிதம்: முதலில் அந்தக் கிணற்றைத் திறப்போம்

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில், நம் குடியிருப்பின் ஆழ்துளைக் கிணற்றை 280 அடியிலிருந்து 500 அடிக்கு ஆழப்படுத்துவது என்ற தீர்மானத்துக்கு நானும் கை தூக்கினேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஒப்பவில்லை. மறுநாள் காலை வாட்ச்மேனை அழைத்துக்கொண்டு, அவர் அறைக்குப் பின்னால் சிமென்ட் பலகை போட்டு மூடியிருக்கும் பழைய கிணற்றைப் பார்க்கப் போனேன். பார்த்ததைத் தங்களிடம் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடிதம்.

இருவரும் சேர்ந்து பலகையை ஒரு முழம் நகர்த்தினோம். உள்ளே உறை ஒன்றுகூட உடையவில்லை. பேவர் பிளாக் பதித்தபோது மிஞ்சிய கல்லும் மணலும், பால் கவர்களும், ஒரு பழைய பிளாஸ்டிக் நாற்காலியும் கிடந்தன. மழைநீர் சேகரிப்புக்காக 2003ஆம் ஆண்டு மொட்டை மாடியிலிருந்து இந்தக் கிணற்றுக்கு இறக்கிய நான்கு அங்குலக் குழாய், தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் அறுக்கப்பட்டு, ஒரு எல்போ மாட்டி, தெருப் பக்கம் திருப்பிவிடப்பட்டிருக்கிறது. கார் நிறுத்துமிடத்தை அகலப்படுத்தியபோது யாரோ செய்த வேலை. யார் என்று தேடுவதில் பயனில்லை. ஆனால் அன்றிலிருந்து நம் மாடியில் விழுந்த மழையில் ஒரு சொட்டுகூட நம் நிலத்துக்குள் இறங்கவில்லை என்பதை நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

நம் மொட்டை மாடி 4,000 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 370 சதுர மீட்டர். சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் அது ஒரு லிட்டர். ஆவியாவதும் சிதறுவதும் போக நூற்றுக்கு எண்பது பங்கு கிடைத்தால் போதும், ஆண்டுக்கு நான்கு லட்சம் லிட்டருக்குக் குறையாமல் வரும். 12,000 லிட்டர் லாரியில் கணக்கிட்டால் 34 லாரித் தண்ணீர். சங்கத்தின் கணக்கு நோட்டில் தாங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள், போன கோடையில் நாம் வாங்கியது 31 லாரி.

2019 கோடையை நாம் யாரும் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறத்தாழ வற்றிப்போய், ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரோடு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது பெரிய அளவாகத் தோன்றியது. இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நம் மாடியைப் போன்ற ஆறு மாடிகளில் ஓராண்டில் கிடைக்கும் மழைநீர், அந்த ரயில் ஒரு நடையில் கொண்டுவந்த தண்ணீருக்குச் சமம். நம் தெருவில் மட்டும் அப்படிப்பட்ட மாடிகள் பதினான்கு இருக்கின்றன.

வேளச்சேரிக்காரர்களான நமக்கு இதில் இன்னொரு பாடும் உண்டு. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் நம் கார் நிறுத்துமிடத்தில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. ஏரியும் சதுப்புநிலமுமாக இருந்த பகுதியில் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்த பிறகும், அதைச் சுற்றித் தண்ணீர் பரவ மிஞ்சியிருக்கும் இடம் கொஞ்சம்தான். ஒரு குடியிருப்பின் கிணறு வெள்ளத்தைத் தடுத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தெருவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும் நேரத்தில், நம் மாடித் தண்ணீரையும் குழாய் வைத்துத் தெருவுக்கே அனுப்புவது முறையாகத் தோன்றவில்லை. அதே தெருவில் பங்குனி பிறந்ததும் லாரிக்காகக் காத்து நிற்பவர்களும் நாம்தான்.

ஆழப்படுத்துவதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பகுதியில் மேலே களிமண், நடுவில் மணல் படுகை, அதற்குக் கீழே பாறை. பாறைக்குள் தண்ணீர் வெடிப்புகளில் மட்டுமே தங்கும். வெடிப்பு அகப்பட்டால் உண்டு, அகப்படாவிட்டால் 500 அடியிலும் புழுதிதான் வரும். அப்படியே கிடைத்தாலும் அது மேலிருந்து மழை இறங்கிச் சேர்த்த தண்ணீர்தான். வரவை அடைத்துவிட்டுச் செலவுக்கு மட்டும் வழி தேடினால் எத்தனை அடி போட்டாலும் எத்தனை நாளைக்குத் தாங்கும்? சம்பில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று கைபேசியில் காட்டும் கருவியை இந்த ஆண்டு பொருத்தினோம். நல்ல வசதிதான், நானும் நாளுக்கு நான்கு முறை பார்க்கிறேன். அந்த அக்கறையில் கால் பங்கை இந்தக் கிணற்றின்மீது வைத்திருந்தால் இந்த நிலைக்கு வந்திருக்க மாட்டோம்.

களிமண் என்பதால் நாலடிக் குழி வெட்டி ஜல்லி போட்டால் நம் இடத்தில் தண்ணீர் உறிஞ்சாது. பல வீடுகளில் மழைநீருக்காக 2003இல் கட்டிய குழிகள் பயனற்றுப் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் நம் கிணறு களிமண்ணைத் தாண்டி மணல் படுகை வரைக்கும் இறங்குகிறது. அதைத் தூர் வாரி, மாடிக் குழாயை மீண்டும் இணைத்து, நடுவில் கூழாங்கல்லும் மணலும் நிரப்பிய ஒரு வடிகட்டித் தொட்டி வைத்தால் போதும். முதல் மழையில் மாடியின் தூசியும் புறா எச்சமும் சேர்ந்து வரும் என்பதால், அதை மட்டும் வெளியே விட ஒரு வால்வு வேண்டும். ஆர்.ஓ. கருவிகள் கழிக்கும் தண்ணீரை இதில் விடக் கூடாது, அதில் உப்பு கூடுதல். அதை வாளியில் பிடித்துத் தரை துடைக்கலாம். நிலத்துக்குள் விடும் தண்ணீர் முழுவதும் நமக்கே திரும்பி வராது, பக்கத்து வீட்டு ஆழ்துளைக் கிணற்றுக்கும் போகும். போகட்டும் ஐயா, அவர்கள் விடும் தண்ணீர் நமக்கும் வரும்.

ஆழ்துளைக் கிணற்று வேலையைக் கைவிடும்படி கேட்கவில்லை. தை மாதம் வரைக்கும் தள்ளிவைத்து, இந்த மழைக்காலத்தில் கிணற்று நீர்மட்டத்தை வாரம் ஒரு முறை கயிறு விட்டு அளந்து, நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம் என்பதே என் வேண்டுகோள். அளக்கும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

ஐப்பசி அடைமழைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. தூர் வாருகிறவர்களிடம் பேசிவிட்டேன், வரும் ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மொட்டை மாடிச் சாவி தங்களிடம் இருப்பதால், சனிக்கிழமை மாலை வந்து வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மூன்றாம் மாடிக் குடியிருப்பாளர்