உடற்பயிற்சி உடலியங்கியல் பேராசிரியரைத் தேர்ந்தெடுப்போருக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர்களுக்கும் ஆட்சிக்குழு உறுப்பினர்களுக்கும் தேர்வுக்குழு வல்லுநர்களுக்கும்,

வணக்கம்.

உடற்பயிற்சி உடலியங்கியலில் ஒருவரைப் பேராசிரியராக நியமிக்கும்போது நீங்கள் முதலில் புரட்டுவது கட்டுரைப் பட்டியலைத்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018ஆம் ஆண்டு விதிமுறையும் நேரடி நியமனத்துக்கு முனைவர் பட்டம், 10 ஆண்டு அனுபவம், குறைந்தது 10 கட்டுரைகள், 120 ஆய்வு மதிப்பெண் என்றுதான் கேட்கிறது. அந்த விதியை உங்களால் மாற்ற முடியாது. ஆனால் அந்தக் கட்டுரைகளில் உள்ள எண்களை எப்படி அளந்தீர்கள் என்று நேர்காணலில் கேட்கலாம். அதைக் கேளுங்கள் என்று கோரவே இந்த மடல்.

இத்துறையின் மைய அளவு வி.ஓ.2 மேக்ஸ், அதாவது கடும் உழைப்பில் உடல் ஒரு நிமிடத்தில் பயன்படுத்தக்கூடிய அதிகபட்ச ஆக்சிஜன். டிரெட்மில்லில் ஓடுபவரின் மூச்சுக்காற்று எவ்வளவு, அதில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்ற இரண்டையும் கருவி அளந்து கணக்கிடுகிறது. கருவியைச் சோதனைக்கு அரை மணி நேரம் முன்பே இயக்கிச் சூடேற விட வேண்டும். பிறகு அறைக்காற்றை (ஆக்சிஜன் 20.93 சதவீதம்) ஒரு புள்ளியாகவும், சான்றிதழ் உள்ள சிலிண்டர் வாயுவை (பெரும்பாலும் 16 சதவீத ஆக்சிஜன், 4 சதவீத கார்பன் டை ஆக்சைடு, மீதி நைட்ரஜன்) இன்னொரு புள்ளியாகவும் வைத்துக் காலிபிரேஷன் செய்ய வேண்டும், அதாவது தெரிந்த அளவோடு ஒப்பிட்டுக் கருவியைச் சரிசெய்ய வேண்டும். காற்றின் அளவுக்கு 3 லிட்டர் சிரிஞ்சை மெதுவாகவும் வேகமாகவும் பலமுறை தள்ளிப் பார்க்க வேண்டும். 3 சதவீதத்துக்கு மேல் விலகினால் சோதனையைத் தொடங்கவே கூடாது.

பல இடங்களில் அந்தச் சிலிண்டர்தான் முதலில் தீர்ந்துபோகிறது. புதியதற்குக் கோப்பு நகர்ந்து, விலைப்புள்ளி வாங்கி, ஒப்புதல் வர மாதங்கள் ஆகின்றன. அதுவரை அறைக்காற்றை மட்டும் வைத்துச் சமாளிக்கிறார்கள். ஒரு புள்ளியை மட்டும் சரிபார்த்தால் திரையில் எல்லாம் ஒழுங்காகவே தெரியும். 16 சதவீதத்துக்கு அருகே கருவி பிழையாகக் காட்டுவது யாருக்கும் தெரியாது. கடலோர ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. மூச்சு வரும் மெல்லிய குழாயில் ஈரம் தேங்கினால் வாயு மெதுவாகச் சென்று சேரும், அளவு பிசகும்.

இந்தப் பிழை எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 60 கிலோ எடையுள்ள மாணவர் நிமிடத்துக்கு 80 லிட்டர் காற்றை வெளிவிடுகிறார். கருவி 16.5 சதவீதம் என்று காட்ட வேண்டிய ஆக்சிஜனை 16.4 சதவீதம் என்று காட்டுகிறது. வி.ஓ.2 சுமார் 100 மில்லி கூடுதலாகக் கணக்காகும், அதாவது கிலோவுக்கு 1.7 மில்லி. கிலோவுக்கு 40 மில்லியில் இருப்பவர் பயிற்சியால் 44க்கு உயர்ந்தார் என்று எழுதும் கட்டுரையில் அந்த உயர்வின் ஏறக்குறையப் பாதியை ஒரு தசமப் பிழையே விழுங்கிவிடும். கருவியின் விலை பல லட்சம் என்பதால் எண் சரியாகிவிடாது.

கருவியே இல்லாத துறைகளில், ஓடிய தூரத்தை வைத்து வி.ஓ.2 மேக்ஸைக் கணிக்கும் 12 நிமிட ஓட்டம்தான் வழி. 15 பேர் கொண்ட மூன்று குழுக்கள், 12 வாரப் பயிற்சி, பிறகு புள்ளியியல் அட்டவணை என்ற வார்ப்பில் வந்த ஆய்வேடுகளை நீங்கள் நிறையவே பார்த்திருப்பீர்கள். அமெரிக்க மருத்துவர் கென்னத் கூப்பர் 1968இல் வெளியிட்ட அந்த முறை அமெரிக்க விமானப்படையினரை வைத்து உருவானது. அதில் ஓடிய மீட்டரிலிருந்து 504.9ஐக் கழித்து 44.73ஆல் வகுக்கிறோம். முதல் தடவை வேகமாகப் புறப்பட்டுத் திணறிய மாணவர் இரண்டாம் தடவை நிதானமாக ஓடி 100 மீட்டர் கூடுதலாகக் கடந்தால், 2.2 மில்லி உயர்ந்ததாக அந்தச் சூத்திரம் சொல்லும். அவருடைய இதயமும் தசையும் மாறாமலே இருக்கலாம். ஓட்டப் பழக்கத்துக்கு முன்கூட்டியே இரண்டு முறை ஓட விட்டார்களா என்று விண்ணப்பதாரரிடம் கேளுங்கள்.

நல்ல ஆய்வகம் எப்படி இயங்கும் என்பதற்கு முன்மாதிரி உண்டு. 1927இல் ஹார்வர்டில் தொடங்கி 1947இல் மூடப்பட்ட களைப்பு ஆய்வகத்தை (Fatigue Laboratory) உடலியங்கியல் அறிஞர் டேவிட் புரூஸ் டில் வழிநடத்தினார். 1932இல் நெவாடாவின் வெயிலுக்கும் 1935இல் சிலியின் மலை உச்சிகளுக்கும் அவர்கள் சென்று அளந்தார்கள். அந்த ஆய்வகத்தின் ஆய்வாளர் சிட் ராபின்சன் 6 வயது முதல் 91 வயது வரையிலான ஆண்களை ஒரே முறையில் சோதித்து 1938இல் எழுதிய கட்டுரை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆய்வகம் மூடிய பிறகும் பதிவுகள் இருந்ததால், டில்லும் ராபின்சனும் பழைய ஓட்ட வீரர்களை மீண்டும் அளந்து 1967இல் ஒப்பிட முடிந்தது. ஒரு பேராசிரியரின் முழுப் பணிக்காலமும் இப்படி ஒரே அளவுகோலின் மேல் நிற்க முடியும்.

அதற்கு அவருக்கு நேரம் வேண்டும். விதிப்படி பேராசிரியருக்கு வாரம் 14 மணி நேரமும் உதவிப் பேராசிரியருக்கு 16 மணி நேரமும் வகுப்பு உண்டு. ஒருவரைச் சோதிக்க ஏற்பாடு முதல் ஆசுவாசம் வரை ஒன்றரை மணி நேரம் ஆகும். நாளுக்கு மூன்று அல்லது நான்கு பேர்தான் முடியும். 40 பேருக்கு முன்சோதனையே இரண்டு வாரம், பயிற்சி 12 வாரம், பின்சோதனை இரண்டு வாரம். இதற்கு முன்னால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும், மருத்துவ ஆய்வுகளைப் பதியும் இந்தியத் தளமான சி.டி.ஆர்.ஐ.யில் பதிவும், மருத்துவ முன்பரிசோதனையும் முடிந்திருக்க வேண்டும். ஒரு நேர்மையான ஆய்வு ஓராண்டை எடுத்துக்கொள்வது இதனால்தான். ஆண்டுக்கு ஐந்து பயிற்சி ஆய்வுகளை ஒரே ஆள் காட்டினால் அவரைப் பாராட்டும் முன் ஆய்வக அளவீட்டுப் பதிவேட்டைக் கேளுங்கள்.

புதிய கருவிக்கு டெண்டர் போடும்போதே ஐந்தாண்டுப் பராமரிப்பு, சிலிண்டர் வாயு, முகமூடி, சென்சார் மாற்றம் ஆகியவற்றுக்கும் நிதி ஒதுக்குங்கள். மார்ச் மாதத்தில் பணத்தைச் செலவழிக்க வாங்கிய கருவி அடுத்த மார்ச்சில் உறை போட்டுக் கிடப்பது இந்த ஒதுக்கீடு இல்லாததால்தான். நிரந்தர லேப் டெக்னீஷியன் ஒருவர் கட்டாயம் வேண்டும். ஆய்வு மாணவர் மூன்றாண்டில் போய்விடுவார், அவர் கற்ற கைப்பழக்கமும் அவரோடு போய்விடும். வாரம் ஒருமுறை ஆய்வகத்திலேயே பணிபுரியும் ஒருவரை ஒரே மிதமான சுமையில் சைக்கிள் மிதிக்க வைத்து அளந்து எழுதும் வழக்கத்தையும் அந்த டெக்னீஷியன்தான் காப்பாற்ற முடியும். அந்த எண் 5 சதவீதத்துக்கு மேல் நகர்ந்தால் பழுது கருவியில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

பேராசிரியர் ஓய்வு பெறும்போது சாவியும் இருப்புப் பதிவேடும் கைமாறுகின்றன. மூல அளவீடுகள் அவருடைய மடிக்கணினியோடு வீட்டுக்குப் போய்விடுகின்றன. காலிபிரேஷன் பதிவேடும் பெயர் நீக்கிய மூலத் தரவும் இருப்புப் பதிவேட்டோடு சேர்த்து ஒப்படைக்கப்பட வேண்டும் என்று அடுத்த ஆட்சிக்குழுக் கூட்டத்தில் தீர்மானம் நிறைவேற்றுங்கள். அதற்குத் தனி நிதி தேவையில்லை.

இப்படிக்கு,
உடற்பயிற்சி உடலியங்கியல் ஆய்வகங்களில் பணியாற்றுவோர்