கிட்டாரை விற்காதே, மருமகனே

அன்புள்ள மருமகனுக்கு,

கிட்டாரை விற்க விளம்பரம் கொடுத்திருக்கிறாய் என்று அக்கா நேற்றிரவு தொலைபேசியில் சொன்னாள். சொல்லும்போதே அவள் குரல் தழுதழுத்தது. நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் மனத்தில் இருப்பதைத் தமிழில்தான் என்னால் முழுதாகச் சொல்ல முடியும். அம்மாவை அருகில் உட்கார வைத்துக்கொண்டு படி. ஊரறிய எழுதுவதற்கும் காரணம் உண்டு. இங்கே தென்னாப்பிரிக்காவின் டர்பனில், நம்மவர்கள் வாழும் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பகலில் பட்டறைக்குப் போய், இரவில் கிட்டார் பழகும் பிள்ளைகள் உன்னைப் போல இன்னும் இருக்கிறார்கள்.

பிரஸ் மெஷின் உன் இடக்கை மோதிர விரலின் நுனியை எடுத்து மூன்று மாதம் ஆகிறது. காயம் ஆறியும், கம்பியில் விரல் பட்டால் உயிர் போகிறது என்கிறாய். நம்புகிறேன். ஆனால், "இனி மெட்டல் வாசிக்க எனக்குக் கையில்லை" என்று, உனக்குப் பிடித்த அந்த அதிரடி ராக் இசையைப் பற்றி அம்மாவிடம் சொன்னாயாமே, அதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் அறைச் சுவரில் படமாக ஒட்டி வைத்திருக்கிறாயே, பிளாக் சப்பாத் என்ற மெட்டல் இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் டோனி ஐயோமி, அவருடைய வலக்கையை உற்றுப் பார்த்திருக்கிறாயா? அவர் 1948-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்தவர். 17 வயதில் தகரப் பட்டறையில் வேலை. ஓர் இசைக்குழுவோடு ஐரோப்பாவுக்குப் போகவிருந்ததால் வேலையை விட்டுவிட்டார். அன்றுதான் கடைசி நாள். மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக மனமில்லாமல் இருக்க, எடுத்த வேலையை முடித்துவிட்டு வா என்று தாயார் அனுப்பினார். வழக்கமாக பிரஸ் மெஷினில் நிற்பவர் அன்று வரவில்லை. இவரை அங்கே நிறுத்தினார்கள். நடுவிரல் நுனியும் மோதிர விரல் நுனியும் போயின. அவர் இடக்கைப் பழக்கமுள்ளவர். கம்பிகளை அழுத்த வேண்டியது அந்த வலக்கைதான். உனக்கு ஒரு விரல் என்றால் அவருக்கு இரண்டு.

அவரும் எல்லாம் முடிந்தது என்றுதான் இருந்தார். பட்டறை மேலாளர் ஒருவர் ஓர் இசைத்தட்டை எடுத்து வந்து கேட்கச் சொன்னார். அதில் வாசித்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட். 1928-இல் தீ விபத்தில் இடக்கையின் இரண்டு விரல்கள் முடங்கிப்போக, மீதி இரண்டு விரல்களாலேயே ஜாஸ் உலகை வியக்க வைத்தவர்.

அதன்பின் ஐயோமி செய்ததை நீ ஒவ்வொரு படியாகப் பார்க்க வேண்டும். பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி, விரல் நுனியில் தொப்பி போல மாட்டிக்கொள்ளும் குப்பி செய்தார். அது கம்பியில் வழுக்கியது. பழைய தோல் சட்டையிலிருந்து துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டினார். குப்பி மாட்டிய விரலுக்குக் கம்பி தெரியாது. எவ்வளவு அழுத்தினோம் என்பதைக் காதுதான் சொல்ல வேண்டும். அன்றைய கிட்டார் கம்பிகள் கனமாக இருந்ததால் பாஞ்சோ என்ற இசைக்கருவியின் மெல்லிய கம்பிகளை மாட்டினார். பிறகு சுருதியையே இறக்கினார். 1971-இல் வந்த பிளாக் சப்பாத்தின் மூன்றாவது ஆல்பத்தில் பல பாடல்களுக்குக் கிட்டார் சுருதி மூன்று அரைச்சுரம் கீழே போனது. கம்பி தளர்ந்ததும் விரலுக்கு இதம். கூடவே ஓசையும் கனத்தது. தைப்பூசத்தன்று காவடிக்கு முன்னால் போகும் உறுமி நெஞ்சில் வந்து மோதுமே, அப்படியொரு கனம். நீ ஆசைப்பட்ட அந்தக் கனத்த ஓசையில் ஒரு பங்கு, காயம்பட்ட கை இளைப்பாற இடம் தேடியதால் வந்தது.

அவருடைய முதல் ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரியில். பாடகர்கள் மாறினார்கள், டிரம்ஸ் வாசித்தவர்கள் மாறினார்கள். குழுவின் எல்லா ஆல்பங்களிலும் இருந்தவர் இவர் ஒருவரே. 2012-இல் நிணநீர்ப் புற்றுநோய் என்றார்கள். சிகிச்சைக்கு நடுவே வாசித்து 2013-இல் ஆல்பம் வெளியிட்டார். 2025 ஜூலை 5 அன்று, 77 வயதில், சொந்த ஊரில் பழைய தோழர்கள் மூவரோடும் கடைசியாக மேடையேறினார்.

ஆனால் அவரைச் சாமியாக்கிக் கும்பிடச் சொல்லவில்லை. நிறவெறி ஆட்சியில் டர்பனின் கேட்டோ மேனரிலிருந்து பெயர்த்தெடுத்து சாட்ஸ்வொர்த்தில் குடிவைக்கப்பட்ட குடும்பம் நம்முடையது. 1987-இல் எனக்கு வயது 19, நாடெங்கும் அவசரநிலை. நிறவெறியை எதிர்த்து, கலைஞர்கள் தென்னாப்பிரிக்காவுக்குப் போக வேண்டாம் என்று ஐ.நா. கேட்டுக்கொண்டிருந்த காலம். அந்த ஆண்டு பிளாக் சப்பாத் இங்குள்ள சன் சிட்டி என்ற உல்லாச விடுதிக்கு வந்து வாசித்தது. அப்போது அவர்களுக்கு டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த பெவ் பெவன் இங்கே வர மறுத்துவிட்டார். வேறொருவரை வைத்து வாசித்தார்கள். என்னிடமிருந்த நான்கு கேசட்டுகளையும் செருப்புப் பெட்டியில் போட்டுக் கட்டிலுக்கடியில் தள்ளினேன். எல்லா இனத்தவரும் வாக்களித்த 1994 ஏப்ரல் தேர்தலில் வரிசையில் நின்று முதல் வாக்கைப் போட்டுவிட்டு வந்த பிறகுதான் அந்தப் பெட்டியைத் திறந்தேன். அந்த வருத்தம் இன்னும் என்னுள் இருக்கிறது. அந்த இசை மீதுள்ள அன்பும் இருக்கிறது. இரண்டையும் உனக்குச் சொல்ல வேண்டியது என் கடமை. மேடையேறும் நாள் உனக்கும் வரும். எங்கே வாசிப்பது, எங்கே மறுப்பது என்று அன்று நீதான் முடிவு செய்ய வேண்டும். பெவனையும் அப்போது நினைத்துக்கொள்.

இப்போது ஆக வேண்டியதைப் பார்ப்போம். உன் மாமன் 31 ஆண்டு செருப்பு ஆலையில் தோல் வெட்டியவன். எந்தத் தோல் வழுக்கும், எது வியர்வையில் ஊறும், எது பிடித்துக்கொள்ளும் என்று இந்தக் கைக்குத் தெரியும். மூன்று வகைத் தோலை எடுத்து வைத்திருக்கிறேன். விரல் இன்னும் கூசுவதால் உள்ளே மென்மையான ஆட்டுத்தோலும், வெளியே சொரசொரப்பான துண்டும் வைத்துத் தைத்துப் பார்க்கலாம். முதல் குப்பி சரியாக அமையாது, பத்தாவதாவது அமையும். மெல்லிய கம்பி ஒரு செட் நீயே வாங்கி மாட்டி, சுருதியை இறக்கி வை. ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். வலித்தால் உடனே கிட்டாரைக் கீழே வைத்துவிடு.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு நேராக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். அதற்குள் அந்த விளம்பரத்தை எடுத்துவிடு. விரலின் சுற்றளவை நூலால் அளந்து, இரண்டு முனையிலும் முடிச்சுப் போட்டு அம்மாவிடம் கொடுத்து வை.

அன்புடன்,
மாமா