கிணற்றடி வேம்பைத் தறிக்க முன்னர்

ஸ்காபரோ, ரொறன்ரோ
பங்குனி மாதம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? மாஞ்சோலை ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசைகளை இடையில் விடாமல் எடுக்கச் சொல்லுங்கள்.

போன கிழமை தொலைபேசியில் கிணற்றடி வேம்பைத் தறிக்கப் போவதாகச் சொன்னீர்கள். கொப்புகள் புதுக் கூரைக்கு மேலே வந்துவிட்டன என்றும், மரம் வாங்கி விற்கிற மரக்காலைக்காரர் வந்து பார்த்துவிட்டு இது எந்த நேரமும் விழும் என்றும் சொன்னதாகச் சொன்னீர்கள். அதே மூச்சில் அவர் விலையும் பேசியிருக்கிறார். அன்றிலிருந்து எனக்கு மனம் சரியில்லை. தறிக்கவே வேண்டாம் என்று இங்கிருந்து அடம்பிடிக்க நான் எழுதவில்லை. அந்தக் கூரைக்குக் கீழே படுப்பவர்கள் நீங்களும் பிள்ளைகளும்தான். ஆனால், இந்த மாசியில் எங்கள் வீட்டிலும் ஒரு மரத்தை இறக்கினோம், இன்னொன்றைக் காப்பாற்றினோம். அதை முழுவதும் சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களே முடிவெடுங்கள்.

இந்த வீட்டுப் பின்வளவில் ஒரு ஆஷ் மரம் நின்றது. பக்கத்து வீட்டு எல்லையில் ஒரு சில்வர் மேப்பிள் நிற்கிறது. ஆஷ் இரண்டு வருடங்களாக உச்சியிலிருந்து பட்டுக்கொண்டு வந்தது. ஆசியாவிலிருந்து வந்த ஒரு பச்சை வண்டுதான் அதற்குக் காரணம். 2002இல் விண்ட்சர் பக்கம் கண்டுபிடித்தார்கள், 2007இல் ரொறன்ரோவுக்கு வந்துவிட்டது. அதன் புழு பட்டைக்குக் கீழே வளைந்து வளைந்து தின்று, மரத்தின் நீரோட்டத்தையே அறுத்துவிடும். இந்த மாகாணத்தில் அதனால் செத்த ஆஷ் மரங்களுக்குக் கணக்கில்லை. நோய் தொடக்கத்திலேயே தெரிந்தால் அடிமரத்தில் ஊசி போடலாமாம், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. அண்ணா, அந்த மருந்து எதிலிருந்து எடுக்கிறார்கள் தெரியுமா? வேப்பங்கொட்டையிலிருந்து! நம் வளவில் கூட்டி அள்ளிக் குப்பையில் கொட்டுகிற கொட்டைதான். அதைக் கேட்டதும் கிணற்றடி கண்ணுக்குள் வந்து நின்றது. எங்கள் ஆஷுக்கு அந்தக் காலம் கடந்துவிட்டது.

இங்கே வளவு நமது, மரமும் நமது என்று சொல்லி நினைத்தபடி தறிக்க முடியாது. நிலத்திலிருந்து 1.4 மீற்றர் உயரத்தில் அளந்து, அடிமரத்தின் விட்டம் 30 சென்ரிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால், ரொறன்ரோ நகரசபையின் அனுமதி வேண்டும். நூல் பிடித்துச் சுற்றளவு பார்த்தால் கிட்டத்தட்ட 94 சென்ரிமீற்றர். வெட்டுவதற்கு மட்டுமல்ல, வேரையோ பெரிய கொப்புகளையோ காயப்படுத்துவதற்கும் அந்தச் சட்டம் பொருந்தும். செத்த மரத்துக்கு அனுமதி தேவையில்லை, ஆனால் அது செத்ததுதான் என்பதை நகரசபை ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லையில் நிற்கும் மரம் இரண்டு வீட்டுக்கும் பொது. ஆகவே மேப்பிளில் கைவைக்க முன்னர் பக்கத்து வீட்டு முதியவரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்கினோம். முதலில் எனக்கு இது பெரிய கெடுபிடியாகத்தான் தெரிந்தது. இப்போது நல்ல சட்டம் என்றே நினைக்கிறேன். நம் நாட்டிலும் பலா, ஈரப்பலா, பெண்பனை தறிப்பதைக் கட்டுப்படுத்த 1951ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்தது. அதைப் போட்டவர்கள் மரத்தின் பெறுமதி தெரிந்தவர்கள்.

ஆளைப் பிடிப்பதுதான் பெரிய வேலையாக இருந்தது. 2022 மே 21ஆம் திகதி ஒன்ராறியோவின் தெற்குப் பக்கத்தைக் குறுக்கறுத்து ஒரு பெரும் புயற்காற்று அடித்தது. மரங்கள் விழுந்து ஆட்களும் செத்தார்கள். அதற்குப் பிறகு எங்கள் தெருவில் லொறியோடு வந்து கதவைத் தட்டி, மரம் வெட்டுகிறோம், காசாகத் தந்தால் குறைத்துச் செய்கிறோம் என்றவர்கள் பலர். அப்படி வந்த ஒருவர் மேப்பிளின் தலையை முழுவதுமாகக் கொய்துவிடச் சொன்னார். வேலைக்காரருக்கு விபத்துக் காப்புறுதி இருக்கிறதா என்று உங்கள் மைத்துனர் கேட்டார். பதில் வரவில்லை, லொறிதான் போனது.

கடைசியில் முறையாகப் பரீட்சை எழுதிச் சான்றிதழ் பெற்ற ஒரு ஆர்பரிஸ்டை, அதாவது மரப் பராமரிப்பு நிபுணரைக் கூப்பிட்டோம். அனுபவம் காட்டினால்தான் அந்தப் பரீட்சையில் இருக்க விடுவார்கள், மூன்று வருடத்துக்கு ஒரு முறை சான்றிதழைப் புதுப்பிக்கவும் வேண்டும். அந்தப் பெண் வந்தபோது வாளே கொண்டுவரவில்லை. ஒரு மரச்சுத்தியலும் அளவுநாடாவும் மட்டும்தான் கையில் இருந்தன. பார்த்து அறிக்கை எழுதித் தருவதற்கு ஒரு கட்டணம். மரம் நின்றாலும் விழுந்தாலும் அவருக்கு அதே காசுதான். வெட்டும் வேலைக்கு வேறு ஆட்களிடமும் விலை கேட்கச் சொல்லிவிட்டார்.

அண்ணா, நான் சொல்ல வருவது இதுதான். மரத்தை விலைக்கு வாங்குகிறவரே அது ஆபத்தானது என்று தீர்ப்பும் சொல்லக் கூடாது. வேம்பு விழும் என்று சொன்னவர் வேம்புப் பலகை வேண்டும் என்று வந்தவர். அவர் பொய் சொல்லுகிறார் என்று நான் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கு மரம் என்றால் அடி, உயரம், வைரம். மற்றதைப் பார்க்க அவருக்குத் தேவை இல்லை.

அந்தப் பெண் எப்படிப் பார்த்தார் என்பதைச் சொல்கிறேன், நீங்களும் அப்படியே ஒரு காலையில் பாருங்கள். மேலே நிமிர்ந்து பார்க்க முதல் நிலத்தைப் பார்த்தார். அடிமரம் மண்ணோடு சேரும் இடத்தில் காளான் முளைத்திருக்கிறதா, ஒரு பக்கத்து மண் வெடித்துக் கிளம்பியிருக்கிறதா, யாராவது வேரை அறுத்திருக்கிறார்களா என்று சுற்றிச் சுற்றி வந்தார். நீங்கள் புது வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியபோது வேம்பின் வேர் எதையாவது அறுத்தீர்களா? மேசனைக் கேளுங்கள். வேர்கள் நாம் நினைக்கிற மாதிரி நேரே ஆழத்துக்குப் போவதில்லை. பெரும்பாலும் மேல் மண்ணில்தான், கொப்புகளுக்கும் அப்பால் பரந்து ஓடுகின்றன. பிறகு சுத்தியலால் அடிமரத்தைத் தட்டிக்கொண்டு போனார். கோறையான இடத்தில் சத்தம் மாறும். இரண்டு பெரிய கொப்புகள் கவராகப் பிரியும் இடத்தில் பட்டை உள்ளே மடிந்து அமுங்கியிருந்தால், அந்தக் கவர் காற்றுக்குப் பிளக்கும். எங்கள் மேப்பிளில் அந்தக் குறை இருந்தது. சாய்வைப் பற்றியும் சொன்னார். சிறு வயதிலிருந்தே சாய்ந்து வளர்ந்த மரம் தன் பாரத்தைத் தாங்கப் பழகியிருக்கும். அண்மையில் சாயத் தொடங்கிய மரத்துக்குத்தான் பயப்பட வேண்டும்.

ஆஷை இறக்க வேண்டும், தாமதிக்க வேண்டாம் என்று எழுதினார். செத்த ஆஷ் கெதியில் முறுகிவிடும், பிறகு ஏறுகிறவனின் உயிருக்கு ஆபத்து. மேப்பிளுக்கு இரும்பு வடம் ஒன்று போட்டு, சில கொப்புகளை மட்டும் எடுத்தால் போதும். தலை கொய்வதைப் பற்றிக் கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. இலையெல்லாம் போனால் மரம் பட்டினியாகிறது, உயிர் பிழைக்கத் துளிர்களை அவசரமாகத் தள்ளுகிறது. அந்தத் துளிர்கள் கொப்பின் வெளி அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டு தடிக்கின்றன. சில வருடங்களில் முன்னரைவிட ஆபத்தான மரம் கூரைக்கு மேலே நிற்கும். ஒரு வருடத்தில் இலைப்பரப்பின் காற்பங்குக்கு மேல் எடுக்கவே கூடாதாம். ஆட்டுக்குக் குழை வெட்டுகிறபோது இதையும் நினைவில் வையுங்கள்.

கொப்பு எடுக்கும் விதத்தை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதலில் அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளிக் கீழ்ப்பக்கமாகக் கொஞ்சம் அறுத்தார்கள். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து அறுத்துக் கொப்பைக் கயிற்றில் இறக்கினார்கள். கீழ்வெட்டு இல்லாவிட்டால் கொப்பு முறியும்போது அடிமரத்துப் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மிச்சக் குற்றியைக் கடைசியில் எடுத்தார்கள், அதுவும் அடிமரத்தோடு ஒட்ட அல்ல. கொப்பு தொடங்கும் இடத்தில் தடித்த ஒரு வளையம் இருக்கும், அதற்கு வெளியேதான் வாள் போனது. வெட்டுவாயை மூடி வளர்வது அந்த வளையம்தான். தாரோ சாணியோ பூச வேண்டாம் என்கிறார்கள், பூச்சு உக்கலைத் தடுப்பதில்லை. நிற்கப்போகிற மரத்தில் முள்ளுச் சப்பாத்தோடு ஏறுவதும் கூடாது. நம் ஊர்ச் சீவல்தொழிலாளர் காலில் தளநார் மாட்டிக்கொண்டு பனையில் ஏறுகிறார்கள், பனைக்கு ஒரு கீறல் விழுவதில்லை. அந்தத் தொழில் அறிவுக்கு நாங்கள் ஒருநாளும் உரிய மரியாதை கொடுத்ததில்லை.

ஆஷை இறக்க மூவாயிரம் டொலருக்கு மேல் போனது. அடிக்கட்டையை அரைக்க முன்னர் நிலத்துக்குக் கீழே காஸ் குழாய், மின்கம்பி இருக்கிறதா என்று குறித்துவிட்டுப் போனார்கள். விறகை வேறு ஊருக்குக் கொண்டுபோகக் கூடாது, வண்டும் கூடவே போய்விடும். அரைத்த தூளை மேப்பிளின் அடியில் பரப்பினோம், அடிமரத்தில் முட்டாமல்.

இனி நம் வேம்பு. அதில் செல் (எறிகணை) துண்டு இருக்கும், வாளின் பல்லு உடையும் என்று மரக்காலைக்காரர் விலையைக் குறைத்ததாகச் சொன்னீர்கள். கிணற்றுப் பக்கத்துக் காயத்தைத்தான் சொல்லியிருப்பார். போரில் 2009இல் அங்கே செல் விழுந்தது. மெனிக் பாம் அகதி முகாமிலிருந்து திரும்பி வந்தபோது கூரையும் இல்லை, கதவுநிலையும் இல்லை. பங்கருக்குப் பனங்குற்றி வேண்டும் என்று வேலியோரப் பனைகளையும் தறித்து முடிந்திருந்தது. அந்த வேம்பின் கீழேதான் தகரம் அடிக்கும் வரைக்கும் சமைத்தோம். இதை எல்லாம் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால், அந்தக் காயத்தைப் பற்றி ஆர்பரிஸ்டிடம் கேட்டேன். அலெக்ஸ் ஷைகோ என்று அமெரிக்க வனத்துறையில் இருந்தவர் ஆயிரக்கணக்கான மரங்களை நீளவாக்கில் அறுத்துப் பார்த்து எழுதியிருக்கிறாராம். மனிதத் தோல் மாதிரி மரத்தின் காயம் ஆறுவதில்லை. பழுதான இடத்தைச் சுற்றி மரம் உள்ளே மதில் எழுப்பி அடைத்துவிட்டு, வெளியே புது மரத்தை வளர்க்கிறது. இத்தனை வருடம் புயலிலும் நின்ற மரம் அந்தத் துண்டுகளை அடைத்துவிட்டு நிற்கிறதென்றால், காயம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அதை விழும் மரம் என்று சொல்ல முடியாது. உள்ளே உக்கியிருக்கவும் கூடும். தட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

அறுப்பதென்றால் காயம் உள்ள இடத்தில் இயந்திர வாள் வைக்கவே விடாதீர்கள். இரும்பில் பட்டுச் சங்கிலி அறுந்தால் ஆளைத்தான் அடிக்கும். ஏறுகிறவருக்கு இடுப்புக் கயிறும் தலைக்கவசமும் இல்லாமல் வேலை தொடங்க வேண்டாம். மரத்தால் விழுந்து முள்ளந்தண்டு முறிந்து கிடப்பவர்களை நம் பக்கத்திலும் அறிவோம். வீட்டுக்கு வரும் மின்கம்பி பக்கத்தில் கொப்பு இருந்தால் மின்சார சபைக்குச் சொல்லி இணைப்பை நிறுத்திய பிறகு வெட்டுங்கள். கச்சான் காற்று எழும்ப முதல் செய்வது நல்லது. முழுவதும் தறிக்கத்தான் வேண்டும் என்று வந்தால், விதானையாரிடமும் பிரதேச செயலகத்திலும் கேட்டு, பலகையை ஏற்ற வழி அனுமதியும் எடுத்துவிட்டுத் தொடங்குங்கள்.

என் எண்ணம், கூரைக்கு மேலே வந்த கொப்புகள் இரண்டையும் முறைப்படி எடுத்தால் போதும். ஆனாலும் பார்க்காமல் சொல்லக் கூடாது. அடிமரத்தை நான்கு பக்கமும், கவரை, காயத்தை, வீட்டிலிருந்து மரம் தெரியும்படி ஒன்றை, மருமகனிடம் சொல்லிப் படம் எடுத்து அனுப்புங்கள். இங்கே அந்தப் பெண்ணிடம் காட்டுகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன். படத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல மாட்டாராம், எதைக் கவனித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வாராம். ஏறுகிறவரின் கூலியையும் நல்ல கயிற்றுக்கான காசையும் நான் அனுப்புகிறேன். மரக்காலைக்காரர் முற்பணம் தந்தால் வாங்க வேண்டாம்.

அண்ணிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. அம்மாவுக்குத் தனியாக எழுதுகிறேன்.

இப்படிக்கு,
அன்புத் தங்கை