பயிற்சியாளர் எதற்கு என்று கேட்ட சித்திக்கு

அன்புள்ள சித்தி,

"கை காலை ஆட்டுறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு மாசாமாசம் காசு வேறயா?" என்று, உடற்பயிற்சி சொல்லித்தர ஒரு பயிற்சியாளரை வைத்துக்கொள்ளச் சொன்ன தம்பியைப் போனில் விரட்டிவிட்டீர்களாம். அவனுக்குப் பரிந்து பேசத்தான் இந்தக் கடிதம்.

காலையில் பார்க்கில் நடக்கிறீர்கள், நல்லதுதான். ஆனால் சர்க்கரை உள்ளவர்களுக்கு நடை பாதி வேலைதான். சாப்பாட்டிலிருந்து ரத்தத்தில் சேரும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசை. வயது ஏற ஏற அது கரையும். நடையால் மட்டும் அதைத் தடுக்க முடியாது. அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2020-இல், வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் வேகநடை மாதிரியான பயிற்சியோடு இரண்டு நாளாவது தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்று சொன்னது.

"யூடியூபில் இல்லாததா?" என்பீர்கள். இருக்கிறது, ஆனால் அது உங்களைப் பார்க்காதே! போன தடவை வந்தபோது கவனித்தேன். சோபாவிலிருந்து எழும்போது இரண்டு கையையும் தொடையில் ஊன்றுகிறீர்கள், வலது முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது. அதே வாட்டத்தில் தினமும் உட்கார்ந்து எழுந்தால் முட்டிவலிதான் கூடும். விஷயம் தெரிந்த பயிற்சியாளர் முதல் நாளே இதைப் பிடித்துவிடுவார். நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கி, கையைக் கட்டிக்கொண்டு எழச் சொல்வார். சரியாக வந்ததும் ஒரு தலையணையை உருவுவார். அப்புறம் கையில் ஒரு கிலோ டம்பெல், பிறகு இரண்டு. எப்போது கூட்டுவது, எப்போது நிறுத்துவது என்ற கணக்குக்குத்தான் அவருக்குக் காசு. தனியாகச் செய்கிறவர்கள் மாதக்கணக்கில் அதே ஒரு கிலோவைத் தூக்கிக்கொண்டிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இத்தாலியில் சர்க்கரை நோயாளிகள் 606 பேரை வைத்து ஓராண்டு ஆய்வு செய்து, 2010-இல் முடிவை வெளியிட்டார்கள். உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை எல்லோருக்கும் உண்டு. பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாக வாரம் இரண்டு நாள், ஆள் கூட நின்று பயிற்சி. அவர்களுக்கு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையும், இடுப்பளவும், பிரஷரும் மற்றவர்களைவிட அதிகமாகக் குறைந்தன. மலையளவு வித்தியாசம் இல்லை, ஆனாலும் வித்தியாசம்தான்.

யாரைப் பிடித்தாலும் ஒன்று பாருங்கள். என்ன மாத்திரை போடுகிறீர்கள் என்று அவராகவே முதலில் கேட்க வேண்டும். கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரை போடுகிறவர்களுக்குப் பயிற்சியின்போதோ பிறகோ சர்க்கரை சட்டென்று இறங்கலாம். அது தெரியாதவர் நமக்கு வேண்டாம். வந்ததும் புரோட்டீன் பவுடர் டப்பாவை நீட்டுகிறவரையும், ஒரே மாதத்தில் பத்து கிலோ குறைக்கிறேன் என்பவரையும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். சர்க்கரை கண்ணைப் பாதித்திருக்கலாம் என்பதால், எடை தூக்குவதற்கு முன் டாக்டரிடம் கண்ணையும் ஒரு தடவை காட்டிவிடுங்கள்.

காலமெல்லாம் சம்பளம் கொடுக்க வேண்டியதில்லை. மூன்று மாதம் ஒழுங்காகக் கற்றுக்கொண்டால், அப்புறம் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுப் போனால் போதும். ஆண் என்றால் கூச்சம் என்றீர்களாம். வீட்டுக்கே வந்து சொல்லித்தரும் பெண்களும் இருக்கிறார்கள், தம்பியை விசாரிக்கச் சொல்லியிருக்கிறேன். சேலையோடு மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள், சித்தி. சுடிதார் எடுத்து வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா மகள்