கிளமாட்டிஸ்: பூவுக்கு முன் சுவரைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். இங்கிலாந்தில் வாழும் வாசகர்களுக்காகத் தங்கள் தோட்டப் பகுதியில் வெளிவந்த கட்டுரை, கிளமாட்டிஸ் கொடியை வெயில் படும் சுவரின் அடியில் நட்டு, ஆண்டுதோறும் பிப்ரவரியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட வேண்டும் என்று கூறியிருந்தது. ஹாரோவில் பதினெட்டு ஆண்டுகளாக இக்கொடியை வளர்த்து வரும் எனக்கு, இந்த இரண்டு அறிவுரைகளும் சில வகைகளுக்கு மட்டுமே பொருந்துவதாகத் தெரிகிறது.

நானும் முதலில் அட்டையிலிருந்த படத்தைப் பார்த்து மயங்கித்தான் வாங்கினேன். இளஞ்சிவப்பு இதழின் நடுவில் அடர்ந்த கோடு ஓடும் நெல்லி மோசர், 1897-இல் பிரான்சில் அறிமுகமான பழைய வகை. தெற்குப் பார்த்த சுவரில் அதை ஏற்றினேன். ஜூன் வெயிலில் கோடு முழுவதும் வெளிறி, பலமுறை துவைத்த சேலைபோல் ஆகிவிட்டது. அதே கொடியைக் குளிர்காலத்தின் முடிவில் பெயர்த்து வடகிழக்கு வேலியோரம் நட்ட பிறகுதான் அதன் உண்மையான நிறத்தைக் கண்டேன். மாறாக, குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத ஆர்மண்டி வகையைக் குளிர்காற்று அடிக்கும் வடக்கு மூலையில் வைத்தால் அதன் இலைகள் கருகும். மறைவான தெற்கு அல்லது மேற்குச் சுவரே அதற்கு ஏற்றது. வசந்தத்தில் பூக்கும் மொண்டானா வகையோ எங்கும் வளரும், ஆனால் எட்டு முதல் பன்னிரண்டு மீட்டர் வரை படரும் என்பதால் ஆறடி வேலியில் அதை விடுவது நாம் அடுத்த வீட்டுக்காரருக்குச் செய்யும் கொடுமை.

சுவரின் அடியிலேயே நடுவதும் தவறு. கூரையின் நீட்சி மழையை மறைப்பதால், இலண்டனில் ஒரு வாரம் விடாது தூறிய பின்பும் அங்கே மண் புழுதியாகவே கிடப்பதை விரலால் கிளறிப் பார்த்தால் அறியலாம். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குழி எடுத்து, கொடியைச் சுவரை நோக்கிச் சாய்த்து நட்டு, வேர்ப்பகுதி காய்ந்துவிடாமல் ஒரு தட்டையான கல்லையோ சிறு செடியையோ காவலாக வைக்க வேண்டும். பெரிய பூ வகைகளைத் தொட்டியில் இருந்ததைவிட இரண்டு மூன்று அங்குலம் ஆழமாகப் புதைப்பது நல்லது. பூஞ்சையால் வரும் வாடல் நோயில் ஒரே வாரத்தில் தண்டு முழுவதும் கறுத்துத் தொங்கினாலும், மண்ணுக்குள் இருக்கும் கணுக்களிலிருந்து அது மீண்டும் துளிர்க்கக்கூடும்.

கொழுகொம்பைப் பற்றியும் ஒரு சொல். பாரி முல்லைக்குத் தேர் ஈந்தான். கிளமாட்டிஸுக்கு ஈந்திருந்தால் வீணாகியிருக்கும். முல்லை தண்டால் சுற்றும், நம் காந்தள் இலை நுனியால் பற்றும், இதுவோ இலைக்காம்பால் பற்றும். அந்தச் சிறு காம்பால் விரல் தடிமனுக்கு மேற்பட்ட மரச்சட்டத்தை வளைத்துப் பிடிக்க இயலாது. மெல்லிய கம்பியைக் கொடுத்தால் ஒரே சுற்றில் இறுகி, காய்ந்து சருகான பின்பும் விடுவதில்லை. கத்திரியால்தான் நறுக்கி எடுக்க வேண்டியிருக்கிறது.

இனி வெட்டும் முறை. ஓர் ஆண்டு பிப்ரவரியில் என் கணவர் உற்சாகமாக எல்லாக் கொடிகளையும் ஒரே உயரத்தில் வெட்டிவிட்டார். வோக்கிங் நகரில் 1858-இல் செய்த கலப்பில் பிறந்த ஜாக்மணி, புதுத் தண்டில் பூப்பது என்பதால், ஒன்றும் நடவாததுபோல் ஜூலையில் ஊதாவாகப் பூத்துக் குலுங்கியது. முந்தைய ஆண்டின் தண்டில் பூக்கும் மொண்டானாவில் அந்த வசந்தத்தில் ஒரு பூவும் இல்லை. ஆகவே, வசந்தத்தில் பூப்பவற்றைப் பூ முடிந்த பிறகு, தேவையானால் மட்டும் வெட்ட வேண்டும். மே, ஜூனில் பெரிய பூ விடுபவற்றில் குளிர்கால முடிவில் காய்ந்த நுனிகளை மட்டும் நீக்க வேண்டும். கோடையின் பிற்பகுதியில் பூப்பவற்றையே தங்கள் கட்டுரை கூறியபடி வெட்டலாம். இந்தக் கடைசிப் பிரிவில் அடங்கும் விட்டிசெல்லா வகைகளை வாடல் நோய் அரிதாகவே தாக்குகிறது; சிறிய தோட்டத்தில் முதன்முறையாக வளர்ப்பவருக்கு நான் பரிந்துரைப்பது அவற்றையே.

வாசகர்கள் கத்திரியை எடுப்பதற்கு முன், பிப்ரவரிக்குள் இத்திருத்தத்தை வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
ஹாரோ, இலண்டன்